சோறு வடிக்காத விடுமுறை

கப்பல் விளம்பரங்களில் வரும் குழந்தைகள் யாரும் வாந்தி எடுப்பதில்லை. அழுவதில்லை, மூக்கு ஒழுகுவதில்லை, நடுவில் ஒன்றுக்கு வருகிறது என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சறுக்கு மரத்தில் வழுக்கி வந்து நீலத் தண்ணீரில் விழுந்து சிரிக்கிறார்கள். அம்மாக்கள் பெரிய தொப்பி வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிறார்கள். அப்பாக்களுக்குத் தொப்பையே கிடையாது. இப்படி ஒரு குடும்பத்தை நான் ராயபுரத்திலும் பார்த்ததில்லை, வேலை செய்த கப்பலிலும் பார்த்ததில்லை.

நான் ஏழாவது வரை போனவன். ஒரு லாரியில் கிளீனர் இடம் காலியாக இருந்தது, ஏறிவிட்டேன். அதற்கப்புறம் விசாகப்பட்டினம், காண்ட்லா, கொஞ்ச காலம் துபாய். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். நடுவில் ஒரு சொகுசுக் கப்பலின் சலவை அறையில் ஒரு ஒப்பந்தம் முடியும் வரை படுக்கை விரிப்பு மடித்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. தீ விபத்து ஒத்திகைக்கு மேலே கூப்பிட்டால்தான் கடலைப் பார்ப்போம். இப்போது ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் சப்ளை செய்கிற ஒருவரிடம் இருக்கிறேன். மூட்டைகளைக் கப்பல் ஏணி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இதை வைத்து, கப்பல் சங்கதி என்றால் என்னைக் கேட்க வேண்டும் என்று என் சொந்தக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

என் தங்கச்சி திருவொற்றியூரில் இருக்கிறாள். நெடுஞ்சாலையை ஒட்டிய சந்து, மாடி வீடு, வாசலை மறித்துக்கொண்டு எப்போதும் ஒரு டிரெய்லர் லாரி. அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர். வருகிற கன்டெய்னரில் ஒடுக்கு உண்டா, துரு உண்டா என்று பார்ப்பார். உள்ளே போய் நின்று கதவை மூடச் சொல்வார். இருட்டில் எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை. வேலைக்கு அது சரி. ஆனால் அவர் கல்யாண மண்டபத்தையும் புது ஸ்கூலையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். மூத்தது பெண், ஐந்தாவது படிக்கிறது. அடுத்தது பையன், இப்போதுதான் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்கிறான்.

அந்த யார்டில் வேலை செய்யும் கல்யாணமாகாத பையன்களுக்குத் தங்கச்சிதான் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். காலையில் குண்டானில் உலை வைத்தால், கேரியர் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் முதுகு சுவரைப் பார்க்கும். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. யார்டுக்கு லீவு கிடையாது, அதனால் அவளுக்கும் அப்போதெல்லாம் கிடையாது.

விடுமுறைக்காவது அடுப்பை விட்டாளா என்றால் அதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் டூர் என்றால் வேன். வேன் மேல் சிலிண்டர், அடுப்பு, குண்டான், அரிசி மூட்டை, தார்ப்பாய். ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்று ஆண்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் டீக்கடை பஜ்ஜியில் உயிர் வாழும் ஆண்கள். வேளாங்கண்ணி ஆனாலும் ஏலகிரி ஆனாலும் ஒரு மரத்தடியாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். ஆண்கள் குளிக்கப் போவார்கள், பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள். ஏலகிரியில் மழை பெய்துகொண்டிருக்க, தார்ப்பாய்க்கு அடியில் குந்தி என் தங்கச்சி கோழி கழுவியதை நான் பார்த்தேன். அந்த ஊரில் ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. தின்று முடித்து ஏப்பம் விட்டபடி எல்லாரும் "உன் கைமணம் யாருக்கும் வராது" என்றார்கள். இவ்வளவு மலிவான கூலியை நான் எந்தத் துறைமுகத்திலும் கேள்விப்பட்டதில்லை.

போன வருடம் கோடை லீவுக்கு முன்னால் மாப்பிள்ளைக்குக் கப்பல் ஆசை பிடித்தது. யார்டில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் குடும்பத்தோடு கப்பலில் போய்வந்து, போனில் வீடியோவாகக் காட்டிக்கொண்டு திரிந்தார். அவர் போனால் இவர் போகாமல் இருக்க முடியுமா? எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வா என்று என்னைக் கூப்பிட்டார்.

போனபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் தங்கச்சி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடிக்க, திரும்பாமலே கேட்டாள்.

"ண்ணா, கப்பல்ல அடுப்பு எட்துனு போவ வுடுவாங்களா?"

"அடுப்பா? தீப்பெட்டியே வுட மாட்டான். நடுக்கடல்ல பத்திகிச்சின்னா எங்க ஓடறது?"

"கரண்டு குக்கரு?"

"அத்தயும் புடுங்கி வச்சிப்பான். நான் இருந்த கப்பல்ல ஒரு ரூமு ஃபுல்லா கெட்டிலும் இஸ்திரிப் பொட்டியுமா அடுக்கி வச்சிருந்தாங்க. எறங்கும்போதுதான் குடுப்பாங்க."

குண்டானை நிமிர்த்தி வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கப்பல்லயே போலாம்" என்றாள். "இத்த அவராண்ட சொல்லிடாத. தெரிஞ்சா அடுத்த நிமிசமே வேன் பேசிடுவாரு."

"சாப்பாடு எப்டி இருக்குமோன்னு பயமா இல்லியா உனுக்கு?"

"எவனோ ஒருத்தன் ஆக்கி வைக்கப் போறான். எப்டி இருந்தா இன்னா?"

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கடல் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. கடல் அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரிகிறது. அடுப்பு கூட வர முடியாத ஓர் இடம் வேண்டும், அது தரையில் இல்லை என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டு ஹாலில் கப்பல் ஓடியது. போனில் இருப்பதை டிவியில் போட்டுவிட்டு மாப்பிள்ளை கையில் ரிமோட்டோடு உட்கார்ந்துவிடுவார். நான்கு கம்பெனிகள். ஒன்று நம் துறைமுகத்திலிருந்தே கிளம்புவது. இன்னொன்று மும்பையிலிருந்து. மூன்றாவதற்குச் சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் ஏற வேண்டும், நான்காவதற்குத் துபாய்.

நம் துறைமுகத்துக் கப்பலை முதல் நாளே தள்ளிவிட்டார்.

"வூட்லேர்ந்து ஆட்டோ புட்ச்சி போய் ஏர்றதெல்லாம் ஒரு டூரா மச்சான்? நான் டெய்லி பாக்கற ஹார்பரு."

மும்பைக் கப்பலில் மூன்று மாடி உயரத்துக்குச் சறுக்கு மரம். பெண் அதைப் பார்த்ததும் எழுந்து ஃபிரிட்ஜின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. இன்ன உயரம் இருந்தால்தான் ஏற விடுவார்களாம், அளந்து பார்க்கச் சொன்னது. பையன் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கிரேன் கீதா மாமா?" என்று என்னைக் கேட்டான். இல்லை என்றேன். கிரேன் இல்லாத கப்பல் ஒரு கப்பலா என்கிற மாதிரி எழுந்து போய்விட்டான். அந்த வீட்டில் கப்பல் பற்றிச் சரியான அபிப்பிராயம் வைத்திருந்தது அவன் ஒருவன்தான்.

"நிறுத்து, நிறுத்து" என்பார் மாப்பிள்ளை, ரிமோட் அவர் கையிலேயே இருக்கும்போது. "பாத்தியா மச்சான், அந்த ஜன்னலுக்குக் கீழ. ரஸ்ட்டு. பெயின்ட்ட மேல அட்ச்சி மறைச்சிகிறான்."

"கப்பல்னா துரு இல்லாமயா இருக்கும்?"

"காசு வாங்கறானில்ல? சொரண்டிட்டு அடிக்கட்டும்."

என்னைக் கேட்டால் நான்கும் ஒன்றுதான். ஒருவன் 'குடும்பங்களின் கப்பல்' என்கிறான், இன்னொருவன் 'குழந்தைகளின் சொர்க்கம்' என்கிறான். சிங்கப்பூர்க்காரன் வயது வாரியாகக் குழந்தைகளைப் பிரித்து மூன்று அறை வைத்திருக்கிறான், காலையில் உள்ளே விட்டால் ராத்திரி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்கிறான். பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்க வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வந்ததும் பிள்ளைகளைக் கழற்றி வைக்கிற கிளாக் ரூமைக் காட்டுகிறான். துபாய்க்காரனிடம் பனிச்சறுக்கு உண்டு. இவர்கள் எல்லாருடைய படுக்கை விரிப்பும் ஒன்றே, அதை மடிக்கிற பையன்களும் ஒரே மாதிரிதான்: மணிலா, கோவா, நேபாளம், நடுவில் ஒரு தூத்துக்குடிக்காரன். மேலே ஆடிவிட்டு வந்து ஜனங்கள் அந்த விரிப்பில் விட்டுவைக்கிற கறையும் ஒன்றே. குழந்தைகளின் சொர்க்கத்தில் குழந்தைகள் ராத்திரியெல்லாம் என்ன செய்தார்கள் என்பதைக் காலையில் மூட்டை மூட்டையாக நாங்கள் அவிழ்ப்போம். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "நீ கீழ இருந்தவன் மச்சான், உனுக்கு அப்டித்தான் தெரியும்" என்று விட்டார். அதுவும் உண்மைதான். ஏணிக்குக் கீழே நின்றே கப்பல்களைப் பார்த்தவன் குடும்பச் சுற்றுலாவுக்கு என்ன யோசனை சொல்ல முடியும்?

சிங்கப்பூர் என்று ஏறக்குறைய முடிவான நேரத்தில் மாப்பிள்ளை சாப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தார். பாஸ்தா, பீட்சா, பெயர் தெரியாத மீன். அப்படியே முகம் சுருங்கியது.

"பையன் இத்தயெல்லாம் துன்ன மாட்டானே. நம்ம சோறு வேணும் அவனுக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மே, சின்ன குக்கரு ஒண்ணு கீதுல்ல? ரூம்ல வச்சி நீ ரெண்டு கை அரிசி போட்டா போதும். பருப்புப் பொடி, கருவாடு வறுத்து எட்துகினா வேலையே இல்ல."

வேலையே இல்லை. அரிசி கழுவ வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், கப்பலில் எல்லாம் தானாக நடக்கும் போலிருக்கிறது. தங்கச்சி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "கீது, எட்துக்கலாம்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சறுக்கு மரம், பனிச்சறுக்கு, கிளாக் ரூம் எல்லாம் போயிற்று. ஒரே கேள்விதான்: அறையில் இருக்கும் பிளக் பாயின்டில் நம் வீட்டு மூன்று ஊசி பிளக் போகுமா? மனிதர் நான்கு கம்பெனியின் அறை வீடியோக்களையும் முதலிலிருந்து போட்டு, கட்டில் தலைமாட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சிங்கப்பூரிலும் துபாயிலும் சதுர ஊசி. மும்பைக் கப்பலில் ரெண்டு உருண்டை ஓட்டை.

"அடாப்டர் வாங்கிக்கலாம்ப்பா" என்றது பெண். சறுக்கு மரம் கை நழுவுவது அதற்குப் புரிந்துவிட்டது.

"அடாப்டர் சூடாயி பத்திகிச்சின்னா? கப்பல்ல நெருப்பு வந்தா எவ்ளோ டேஞ்சர் தெரியுமா உனுக்கு?"

இதைச் சொன்னவர் கப்பலுக்குள் குக்கர் கொண்டுபோகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்.

கடைசியில் நம் மூன்று ஊசி பிளக் நேராகப் போகிற ஒரே கப்பல், அவர் தினம் பார்க்கும் ஹார்பரிலிருந்து கிளம்புகிற கப்பல்தான். மண்ணடியில் ஒரு மாடியில் இருந்த ஏஜென்டிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏஜென்ட் டை கட்டியிருந்தார். ஃபேன் ஓடவில்லை.

"ரூம்ல பிளக் பாயின்ட் கீதா சார்? மூணு ஊசி?"

"இருக்கு சார்."

"குக்கர் போடற அளவுக்கு பவர் வருமா?"

"எல்லாம் வரும் சார். ஃபேமிலி பேக்கேஜ் சார் இது."

எதைக் கேட்டாலும் 'இருக்கு சார்' சொல்ல அந்த ஆளைப் பழக்கி வைத்திருந்தார்கள். பசுமாட்டை ஓட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருந்தால் கன்றுக்கு அரை டிக்கெட் என்றிருப்பார். மாப்பிள்ளை படி இறங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீ கப்பல்ல இருந்தவன். குக்கரு வுடுவாங்கல்ல?"

"அதான் ஏஜென்ட்டு சொல்லிட்டாரே மாப்ள" என்றேன். விஷயத்தை உடைக்கவில்லை. அவர் ஏலகிரியில் குளிக்கப் போனபோது நான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

கிளம்புகிற நாள் வரை தங்கச்சிக்குப் பயம்தான். கப்பலில் போய்வந்த அந்த யார்டுக்காரர் ஏதாவது உளறிவிட்டால்? போன் அடித்தால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அவருக்கு யாரும் சொல்லலியே?" மாப்பிள்ளை ஒரு நாள் குக்கரை எடுத்துத் தரையில் வைத்து, அரிசி போட்டு, எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று சோதித்தார். ஒயரைத் தடவிப் பார்த்தார். அடியில் ஒடுக்கு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். குக்கர் பாஸாகிவிட்டது. அவள் அதைத் துடைத்து, பெரிய துண்டில் சுற்றி, பெட்டிக்குள் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தாள். அதைவிட அக்கறையாக ஒரு பெண் குக்கரை மூட்டை கட்டி நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் பயணிகள் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு வரை நானும் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டிகளை விழுங்கும் மெஷின், அதன் பக்கத்தில் ஆட்கள் நுழைகிற இரும்புச் சட்டம். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. குக்கர் இருந்த நீலப் பெட்டி மெஷினுக்குள் போய் நின்றது. யூனிபாரம் போட்ட பையன் திரையைப் பார்த்துவிட்டு, பெட்டியை ஓரமாக எடுத்துத் திறந்தான். துண்டை விரித்தான்.

"சார், இது உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது."

"ஏன்? பிளக்கு கீதுன்னு சொன்னாங்களே."

"பிளக் போன் சார்ஜ் போட சார். சூடாகற பொருள் எதுவும் அலவ் இல்ல. இங்க வச்சிருப்போம், திரும்பி வரும்போது வாங்கிக்கங்க."

"இன்னாபா பேஜாரு பண்ற? ஏஜென்ட்டாண்ட கேட்டுட்டுதான் வந்தோம். கொயந்தைக்கு சோறு ஆக்கறதுக்கு, வேற எதுக்கும் இல்ல."

"உள்ள சாப்பாடு இருக்கு சார்."

"அந்த சாப்பாடு என் புள்ளைக்கு ஒத்துக்காதுபா!"

பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர், "சட்டுனு நகருங்க, அத்த வச்சி கடலையே வத்த வைக்கப் போறீங்களா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மாப்பிள்ளைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காது சிவந்தது. குக்கரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது வரலன்னா நாங்களும் வரல. பொட்டிய எட்துக்கோ, வா போலாம். வேன் பேசி ஏற்காடு போலாம்."

அவர் செய்யக்கூடிய ஆள்தான். ஓட்டை இருக்கிறது என்று எழுதிவிட்டால் எவ்வளவு பெரிய கன்டெய்னராக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். பெண் அழ ஆயத்தமாகிவிட்டது. அவர் தங்கச்சியைப் பார்த்தார்.

"நீயே சொல்லு. இத்தினி நாளும் புள்ள இன்னா துன்னுவான்?"

"பசிச்சா துன்னுவான்" என்றாள்.

கத்தவில்லை, வேகமாகவும் சொல்லவில்லை. கேரியரில் என்ன வைத்திருக்கிறது என்று கேட்கிற பையனுக்குப் பதில் சொல்கிற குரல். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், பெண்ணின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள், அந்த இரும்புச் சட்டத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். வளையலுக்கு மெஷின் கத்தியது. ஒரு பெண் காவலர் வந்து தடவிப் பார்த்தார். கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை இந்தப் பக்கம், குக்கரோடு. வரிசையில் இருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அப்புறம் விறுவிறுவென்று என்னிடம் வந்து குக்கரை நெஞ்சில் அழுத்தினார். அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

"உனுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவளுக்கு?"

நான் குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். "வந்து பேசிக்கறேன்" என்று ஓடினார்.

திரும்பி வந்த பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காற்று பலமாக இருக்கிறது என்று அந்தக் கப்பலில் இருந்த சின்னச் சறுக்கு மரத்தையும் மூடிவிட்டார்கள். குழந்தைகள் அறையில் கலர் பென்சில்களும் உடைந்த ரயிலும் இருந்தன. சாம்பாரில் சர்க்கரை. தட்டைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை மாதிரி வரிசை. ராத்திரியானால் மேல்தளத்தில் மைக்கில் ஒருவன் கத்த, பெரிய மனிதர்கள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். பையன் முதல் வேளை வாயைத் திறக்கவில்லை. அடுத்த வேளை பிரெட்டும் ஜாமும். அதற்கப்புறம் பாஸ்தா, பீட்சா, பெயர் தெரியாத மீன், எதையும் விடவில்லை. பிறந்ததிலிருந்து கடற்கரையோரம் வாழ்ந்த குடும்பத்தில் வாந்தி எடுத்தது ஒரே ஒருவர்தான். கரை மறைந்ததும் மாப்பிள்ளை படுத்தவர், எழுந்து உட்கார்ந்தபோது பால்கனிக் கம்பியில் துரு இருக்கிறது என்று வரவேற்பில் புகார் கொடுத்திருக்கிறார்.

குடும்பங்களின் கப்பல், குழந்தைகளின் சொர்க்கம் எல்லாம் இந்த லட்சணம்தான். எந்தக் கம்பெனியை எடுத்திருந்தாலும் இதுவேதான் கிடைத்திருக்கும். தங்கச்சியிடம் நல்லா இருந்ததா என்று கேட்டேன்.

"கடலு கடலு மேரிதான் கீது" என்றாள். "ஒரு சேர்ல உக்காந்தேன். ஒருத்தன் வந்து காப்பி குட்த்தான். உக்காந்த எடத்துலயே தூங்கிட்டேன் போல. எழுந்தா சாயங்காலம். ஒருத்தரும் எழுப்பல ண்ணா. இன்னிக்கி இன்னா கொழம்புன்னு ஒருத்தரும் கேக்கல."

"அவரு சண்டை போட்டாரா?"

"எங்க போடறது? தலய தூக்கினா வாந்தி."

இறங்கிவந்த வாரத்திலேயே யார்டு பையன்களுக்குச் சொல்லிவிட்டாள், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது, வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்பது மாப்பிள்ளைக்கு அந்த ஞாயிறு மதியம்தான் புரிந்தது. குதித்தார். பிள்ளைகள் என்ன தின்னும் என்றார். அவள் பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலை ஓரத்துப் பரோட்டா கடையில் அவரைப் பார்க்கலாம். கையில் கேரியரோடு, டிரெய்லர் டிரைவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். கல்லில் இருந்து எடுத்த பரோட்டாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓரம் கருகியிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.